அடுப்புச் சாம்பலும் கடைக் கொப்பியும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் நமது சங்கத்தின் மகளிர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)

பின்னால் கதவோரமாக நிற்கும் அண்ணன்மாரும் தம்பிமாரும் முன்னுக்கு வந்து உட்காருங்கள். இது பொம்பளைகள் விசயம் என்று நழுவிவிட வேண்டாம். உங்கள் மருந்து டாங்கியைப் பற்றியும் பேச இருக்கிறேன்.

செலவு குறைவாக, உடம்புக்குக் கெடுதல் இல்லாமல், வீட்டை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். சங்கக் கூட்டத்தில் இதென்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாக வந்தது. 2024இல் 1350 ரூபாவானது. அந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் எத்தனை நாள் மலையை விட்டு இறங்கி றோட்டில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி வாங்கிய காசு வீட்டுக்குள் வந்து எந்த வழியால் வெளியே போகிறது என்று பார்ப்பதும் சங்கத்து வேலைதான்.

உங்கள் கடைக் கொப்பியை எடுத்து ஒரு மாதத்தைப் புரட்டிப் பாருங்கள். அரிசி, மா, சீனி, தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சவர்க்காரம், சலவைத்தூள், பாத்திரம் கழுவுகிற கட்டி, கக்கூசுக்கு ஊற்றுகிற போத்தல், தரைக்கு வாசத் திரவம், நுளம்புச் சுருள், இவற்றுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் கூட்டுங்கள். கையில் காசு இல்லாததால் நாங்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பக்கற்றாகத்தான் வாங்குகிறோம். அந்தப் பக்கற்றின் விலையை அதில் போட்டிருக்கும் கிராமால் பிரியுங்கள். பெரிய பக்கற்றுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிசத்தில் செய்து தரும். காசு குறைவாக உள்ளவன்தான் ஒரு கிராமுக்குக் கூடக் கொடுக்கிறான் என்பது அந்தக் கணக்கில் தெரியும். வெறும் பக்கற் எங்கே போகிறது? கானுக்குள் போய், மழைக்கு அடைத்து, நம் இஸ்தோப்புக்கே தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாம்பலால் பாத்திரம் தேய்த்தால் இந்தச் சம்பளமே போதும் என்று சொல்ல நான் வரவில்லை. எளிமையாக வாழுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். இன்னொன்றும் உண்டு. காலையில் நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, சாயங்காலம் வந்து மறுபடி கூட்டிக் கழுவுகிற வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறாத வேலை. பத்திரிகைகளில் வரும் இயற்கைக் குறிப்புகள் பலவும் அந்த வேலையை இன்னும் கூட்டிவிடும். பூவைக் காயவை, தோலை ஊறவை, மூன்று வாரம் புளிக்கவை என்று எழுதுவார்கள். நேரம் இருக்கிறவர்கள் செய்யட்டும். காசையும் கையுழைப்பையும் சேர்த்து மிச்சப்படுத்துகிறவற்றை மட்டுமே நான் சொல்லப் போகிறேன். அதையும் வீட்டிலுள்ள ஆம்பளைகள் பங்கு போட்டுச் செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். மிலாறு எரித்த சாம்பல் தினமும் அள்ளிக் கொட்டப்படுகிறது. மரச் சாம்பலில் ஒருவகைக் காரம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு அது சேரும்போது கொஞ்சம் சவர்க்காரம் போலவே வேலை செய்கிறது. நம் பாட்டிமார் தேங்காய்ப் பொச்சில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்ததற்குக் காரணம் இதுதான். செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆறிய சாம்பலைப் பழைய சல்லடையில் சலித்து, மூடி உள்ள டின்னில் போட்டு ஈரம் படாமல் வையுங்கள். சலிக்காத சாம்பலில் கரித்துண்டும் கல்லும் இருந்து பாத்திரத்தைக் கீறிவிடும். மீன் சட்டி, எண்ணெய்த் தாச்சி, ரொட்டிக் கல்லு இவற்றுக்கெல்லாம் இது போதும்.

எந்தச் சாம்பலும் சரியா என்று கேட்டால், இல்லை. மழை நாளில் ஈர மிலாறு பிடிக்கவில்லையென்று பொலித்தீன் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பழைய டியூப் துண்டையும் வைக்கிறோம். பெயின்ற் அடித்த பலகையையும் வைக்கிறோம். அந்தப் புகை காம்பராவுக்குள்ளேயே சுற்றிப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. அதன் கசடு சாம்பலில் தங்குகிறது. அந்தச் சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது. நாளைய மிலாற்றை இன்றைக்கே அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிக் காய வைத்தால் பொலித்தீனே தேவைப்படாது. இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு கிடைத்தால் வாங்குங்கள். ஒரே நெருப்பில் சோறும் கறியும் வேகும், விறகும் குறையும், விறகு சுமக்கிற தலையும் பிழைக்கும்.

அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பலிலோ அப்பச்சோடாவிலோ ஊறப் போடாதீர்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும், கறுக்கவும் வைக்கும். அலுமினியத்துக்குப் புளிப்புத்தான் ஏற்றது. கறுத்துப்போன கேத்தலுக்குள் தண்ணீர் ஊற்றி, பிழிந்த தேசிக்காய்த் தோலை அல்லது பழம்புளியைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் தேய்த்தால் வெளுக்கும். பானையின் அடியில் பிடிக்கும் புகைக்கரியோடு நாம் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் பானையின் வெளிப்புறத்தில் தண்ணீரில் குழைத்த சாம்பலையோ களிமண்ணையோ மெல்லப் பூசிவிடுங்கள். கரி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிக்கும். இரவில் தண்ணீரை ஊற்றினால் கரியும் பூச்சும் சேர்ந்து கழன்றுவிடும். அரை மணித்தியாலம் தேய்க்கிற வேலை இரண்டு நிமிசமாகும்.

மிச்சச் சாம்பலைத் தேயிலைத் தூரில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கங்காணி ஏசுவது ஒருபுறம் இருக்க, தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் கோவாவுக்கும் லீக்சுக்கும் குழி உரத்தோடு சேர்த்துக் கொஞ்சமாகப் போடுங்கள், அது நல்லது. தேத்தண்ணி போட்ட சக்கையையும் அந்தக் குழிக்கே கொடுக்கலாம்.

அடுத்தது புளிப்புப் பொருள்கள். தேசிக்காய், பழம்புளி, கொறுக்காய், வினாகிரி. இதில் எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவம், பைப்படியின் துருக்கறை, பூசைக் குத்துவிளக்கு, செம்பு, இவற்றுக்குப் புளிப்புப் போதும். பித்தளை மினுக்கத் தனியாக மருந்து வாங்குவது வீண் செலவு. கோப்பையில் பிடித்த சாயக் கறைக்கு உப்பை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள், அல்லது கொஞ்சம் அப்பச்சோடா. கொழுந்து ஆய்ந்து கறுத்த விரலுக்குத் தேசிக்காய் தேய்ப்பவர்கள், இரவில் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும். வெடிப்புள்ள விரலில் அதைத் தொடவே வேண்டாம், தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

இப்போது பிள்ளைகள் போனில் காட்டுகிறார்கள், அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றினால் பொங்கி வருகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது என்று. அந்தப் பொங்கலோடு இரண்டின் சக்தியும் தீர்ந்து போகிறது. மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். காரத்தைத் தனியாகவும் புளிப்பைத் தனியாகவும் பாவியுங்கள். இரண்டையும் கலந்து ஊற்றுவது காசைக் கானில் ஊற்றுவது.

மழைக்காலத்துப் பூஞ்சணம் நம் வீடுகளின் பெரிய வியாதி. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஜூன் பிறந்தால் சுவரே வியர்க்கும். ஊவாப் பக்கத்தவர்களுக்கு அது வருசக் கடைசியில். சுவரில் கறுப்புப் புள்ளி, பெட்டியில் வைத்த சீலையில் வெள்ளைப் படலம், பிள்ளைக்கு விடாத இருமல். இதற்குக் கடையில் எத்தனையோ போத்தல் இருக்கிறது. சுவருக்கு நான் சொல்வது சுண்ணாம்பு. அதன் காரத்தில் பூஞ்சணம் பிழைக்காது, இருட்டுக் காம்பராவுக்கு வெளிச்சமும் கொடுக்கும். பழைய பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்து, சுவர் காய்ந்த பிறகு அடியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே கரைக்கும்போதும் அடிக்கும்போதும் பிள்ளைகளைத் தூர வையுங்கள், கண்ணையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வருசத்துக்கு ஒரு தடவை தோட்டமே லயத்துக்கு வெள்ளையடித்துக் கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஏன் நின்றது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கூரைத் தகரம் ஒழுகினால் எந்தச் சுண்ணாம்பும் நிற்காது. கூரை நம் வேலை அல்ல, நிர்வாகத்தின் வேலை.

கக்கூசுக்கு வருவோம். நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று என்றிருக்கும் லயங்கள் இன்னும் உண்டு. யார் கழுவுவது என்பதில்தான் சண்டை. முறை போட்டு எழுதிக் கதவில் ஒட்டுங்கள், அந்த முறையில் ஆம்பளைகளின் பெயரும் இருக்கட்டும். தினமும் தண்ணீரும் சவர்க்காரத் தண்ணீரும் ஊற்றித் தும்புக்கட்டையால் தேய்த்தால், கறை பிடித்த பிறகு மல்லுக்கட்டத் தேவையில்லை. மஞ்சள் கறை பிடித்திருந்தால் இரவில் வினாகிரியை ஊற்றிவிட்டுக் காலையில் தேயுங்கள். போத்தல் போத்தலாகக் குளோரினையும் அசிட்டையும் ஊற்றினால் குழியில் அழுக்கைத் தின்று கரைக்கிற கிருமிகளும் செத்துப்போகும். பிறகு குழி கெதியில் நிரம்பும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தயவுசெய்து இதைக் கேட்டு, இன்றைக்கு வராதவர்களுக்கும் சொல்லுங்கள். குளோரின் திரவத்தோடு அல்லது பிளீச்சிங் பவுடரோடு வேறு எதையும் கலக்காதீர்கள். அசிட், வினாகிரி, தேசிப்புளி, எதுவும் கூடாது. கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கக்கூசுக்குள் குனிந்து தேய்க்கிற பெண்ணுக்கு நெஞ்சைப் பிடிக்கும், கண் எரியும், மூச்சு நின்றும் போகலாம். மூத்திரம் தேங்கிய இடத்தில் குளோரினை ஊற்றினாலும் கெட்ட வாயு வரும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நெடி ஏறினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்ற நினைப்பே ஆளைக் கொல்லும்.

கடையில் அசிட்டையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றித் தருகிறார்கள். நாமும் அதை அப்படியே அடுப்படி மூலையில் வைக்கிறோம். பேசத் தெரியாத பிள்ளைக்கு அது சோடாதான். அந்தப் போத்தலில் சிவப்புத் துணியைக் கட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தியில் அது திரும்ப வரும்போது தொண்டையை மறுபடி சுடும், மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். பிள்ளையையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இயற்கைப் பொருளால் முடியாததையும் சொல்ல வேண்டும். லயத்தில் வயிற்றோட்டமோ நெருப்புக் காய்ச்சலோ பரவினால் தேசிக்காயும் சாம்பலும் காப்பாற்றாது. அப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர்தான் பாவிக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. எலிக்காய்ச்சலுக்கும் வாசத் திரவம் மருந்தல்ல. எலி வராமல் சாப்பாட்டை மூடி வைத்து, கானில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும். சாணம் மெழுகுவதைப் பற்றிக் கேட்பார்கள். மண்தரைக்கு அது நல்லதுதான். ஆனால் தொப்புள் புண் ஆறாத பச்சைப்பிள்ளை படுக்கும் இடத்துக்கும், கைக்கும் சாணத்தைக் கொண்டுபோக வேண்டாம். ஏற்புவலி அந்த வழியாகவும் வரும்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, இப்போது உங்கள் டாங்கிக்கு வருகிறேன். நாம் வீட்டில் அப்பச்சோடாவா வினாகிரியா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆனால் மருந்தடித்த உடுப்பு அதே வீட்டுக்குள் வந்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரே வாளியில் ஊறினால் இந்தச் சுத்தமெல்லாம் எதற்கு? களைகொல்லியை நாம் பழக்கத்தில் மருந்து என்கிறோம். பரகுவாட் என்ற மருந்தை இந்த நாடே 2008இலிருந்து படிப்படியாக நிறுத்தியது. கிளைபோசேட் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சொன்னது. அதே வருசம் இலங்கையும் அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் என்று மறுபடி அனுமதித்தார்கள். அதாவது, நம் மலைக்கு. வாதம் எந்தப் பக்கம் போனாலும் சரி, அது பட்ட சட்டை பிள்ளை படுக்கிற காம்பராவுக்குள் வரக் கூடாது.

வெறும் கேனும் அப்படித்தான். பார்க்கக் கெட்டியாக, கைபிடியோடு, தண்ணீர் தூக்க வசதியாக இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது முழுதாகப் போகாது. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் வேண்டாம், மண்ணெண்ணெய்க்கும் கூட வேண்டாம். மருந்து கலக்குகிற இடத்திலேயே கேனை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரை டாங்கிக்குள்ளேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். ஓட்டை போட்ட கேனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதையும் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

உடுப்பைத் தோட்டத்திலேயே கழுவ வசதி இல்லாதவரை, வீட்டில் செய்ய வேண்டியது இது. அதைத் தனிப் பையில் கொண்டு வாருங்கள். அடித்தவரே கழுவட்டும், மனைவிக்கும் மகளுக்கும் போட வேண்டாம். தனி வாளியில் முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீரை பீலிக்கும் ஆற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போகாத இடத்தில், பிள்ளைகள் விளையாடாத பக்கமாக ஊற்றுங்கள். பிறகு சுடுதண்ணீரிலும் சலவைத்தூளிலும் கழுவித் தனியாகக் காயப் போடுங்கள். இதற்குச் சாம்பலும் தேசிக்காயும் பத்தாது. இங்கே மட்டும் சலவைத்தூளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்தத் தூளுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை வைத்திருங்கள், வருகிறேன்.

தொழிலாளரின் சுகாதாரத்தைத் தோட்டம் பார்க்க வேண்டும் என்பது நேற்று வந்த கோரிக்கை அல்ல. 1912இலேயே, வெள்ளைக்காரன் காலத்தில், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. இன்றைக்குப் பல தோட்டங்களின் வாசலில் பச்சைத் தவளைப் படம் போட்ட பலகை நிற்கிறது. அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழின் அடையாளம். வெளிநாட்டில் தேயிலை விற்க அந்தத் தவளை உதவுகிறது. அந்தச் சான்றிதழின் விதிகளில் மருந்தடிக்கிறவர் குளித்து உடுப்பு மாற்ற வேண்டும், மருந்தடித்த உடுப்பு தொழிலாளரின் குடியிருப்புக்குள் போகக் கூடாது என்றும் இருக்கிறது. தவளை வாசலில் இருக்கும் தோட்டத்தில் குளிக்கிற இடமும் உடுப்புக் கழுவுகிற தொட்டியும் எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சான்றிதழ் பார்க்க ஆட்கள் வரும் நாளில் தொழிலாளரோடும் பேசுவார்கள். அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வராமல், உள்ளதைச் சொல்லுங்கள்.

கமிட்டித் தலைவரோடு பேசி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். துரைக்குக் கொடுக்கப் போகிற கடிதம். மருந்தடிப்போருக்குக் குளிக்கிற இடம், உடுப்புக் கழுவத் தொட்டியும் சலவைத்தூளும் தோட்டச் செலவில், வெறும் கேன்களைப் பூட்டி வைக்க ஓர் அறை, மழைக்கு முன் லயத்துக் கான் துப்புரவு, வருசத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு. ஐந்தும் அதில் இருக்கிறது. ஒழுகுகிற காம்பராக்களின் இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். எந்தக் காம்பரா, எந்த மூலை என்று மாதர் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். கடிதம் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். வீட்டில் மருந்துக் கேன் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலடிக்குக் கொண்டு வாருங்கள். எண்ணி எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாக ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம்.